நூலகத்தின் படியேறட்டும் பறை

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. மாவட்டத்தின் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வாசகர் வட்டத்தார் கூடிப் பேசி நோட்டீஸ் அடிப்பார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கோலப் போட்டி, ஓவியப் போட்டி. கடைசி நாளில் ஒரு பட்டிமன்றம், பரிசளிப்பு, புரவலர்களுக்குப் பொன்னாடை. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக இந்த நோட்டீஸ்களைப் படித்துவரும் நமக்கு ஒரு கேள்வி உண்டு. இந்த ஏழு நாளில் ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது, காலனியின் கலை ஏன் நூலகத்துக்குள் வருவதில்லை?

பறை இல்லை. ஒப்பாரி இல்லை. நடவுப் பாட்டு இல்லை. கூத்து இல்லை. அவற்றைப் பற்றிய புத்தகம் மட்டும் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடு அச்சாகி, அட்டை போட்டு, எண் ஒட்டி அலமாரியில் நிற்கிறது. அந்தப் பாட்டைப் பாடிக்கொடுத்த கிழவி அந்தக் கட்டடத்தின் படியை மிதித்ததே இல்லை.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும்போது பறையையும் அதில் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை இருந்தது என்று பெருமையாகப் பாடம் நடத்துகிறார்கள். பாடம் முடிந்து வெளியே வந்தால் அதே பறை ஒரு தெருவுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. அந்தத் தெருவிலும் சாவுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலக விழாவில் நம் பிள்ளைகள் பறை அடிக்க இடம் கேட்டோம். எந்த ஊர் என்பது வேண்டாம். “நூலகத்தில் அமைதி காக்க வேண்டும், இது சத்தம்” என்று பதில் வந்தது. அன்று மாலை அதே வளாகத்தில் நான்கு ஒலிபெருக்கி கட்டிப் பட்டிமன்றம் நடந்தது. இரவு பத்து மணி வரை பேருந்து நிலையம்வரை கேட்டது. அது சத்தமில்லையாம், இலக்கியமாம்.

எது சத்தம், எது இலக்கியம் என்று யார் முடிவு செய்வது? இந்த வாரம் பேச நினைப்பது அதைத்தான்.

வரி கட்டுகிறவர் யார்?

பொது நூலகம் யாரோ கொடுத்த தானம் அல்ல. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் அதுதான். அதன் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். இப்போது ஒரு ரூபாய் வரிக்குப் பத்துப் பைசா. காலனியில் தொகுப்பு வீட்டில் குடியிருக்கிறவரும் வரி கட்டினால் அதில் நூலகத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார். வீட்டில் வரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள் தம்பிகளே. புத்தகத்தைக் கையில் எடுக்காத உங்கள் அப்பாவும் தாத்தாவும் அந்த நூலகத்தின் பங்காளிகள்.

அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடங்கள் எதையும் சாதியின் பெயரால் யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. நூலகமும் அதில் அடங்கும். “உள்ளே வராதே” என்று இன்று எந்த நூலகரும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கட்டடத்தை எங்கே கட்டினார்கள் என்பதிலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குமான திட்டம் அது. பெரிய காரியம். ஆனால் பல ஊர்களில் அந்தக் கட்டடம் ஊருக்குள், கோயில் பக்கம், மந்தைப் பக்கம் அமைந்தது. காலனிப் பிள்ளை அங்கே போக வேண்டுமென்றால் மேலத்தெருவைத் தாண்ட வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்கள், “யாரு மகன்டா நீ, எங்க போற?” என்று கேட்பார்கள். கேள்வி சாதாரணமானதுதான். பத்து வயதுப் பிள்ளை மறுநாள் போகாமல் இருக்க அது போதும். பிறகு கட்டடத்துக்குப் பூட்டு விழுந்தது. உள்ளே ரேஷன் சாக்கு அடுக்கிய ஊரும் உண்டு, பூட்டு துருப்பிடித்த ஊரும் உண்டு. சில இடங்களில் இப்போது பழுதுபார்த்துத் திறக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு நூலகத்தின் அடித்தளம்

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் ஹார்லெம் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் இடம். பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரம். அங்கே 135-ஆம் தெருவில் 1905-இல் ஒரு கிளை நூலகம் திறந்தார்கள். நம்முடைய தாலுகா நூலகம் போல ஒரு கிளைதான். திறந்தபோது அந்தப் பகுதியில் வெள்ளையர்களே அதிகம். பதினைந்து ஆண்டுகளில் தெருவே மாறிவிட்டது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்தும் வெள்ளையர் கும்பல்களின் கொலைவெறியிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்கள் அங்கே நிறைந்தன. அலமாரியில் இருந்த புத்தகங்களோ பழைய வாசகர்களுக்கானவை.

1920-இல் அந்தக் கிளைக்குப் பொறுப்பேற்ற எர்னஸ்டின் ரோஸ் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வாசகர் மாறியபின் நூலகமும் மாற வேண்டும் என்று நினைத்தவர். அதே 1920-இல் கேத்தரின் லாட்டிமர் அங்கே பணியில் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகம் பணியில் அமர்த்திய முதல் கறுப்பின நூலகர் அவர். அடுத்த ஆண்டு போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்த பூரா பெல்ப்ரே சேர்ந்தார். பிற்பாடு நாவலாசிரியராகப் பெயர் பெற்ற நெல்லா லார்சனும் அந்தக் கிளையில் நூலகராக வேலை பார்த்தவர்தான்.

இதில் பூரா பெல்ப்ரேயின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரம் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. இவர் அலமாரியில் தேடுகிறார். தன் தீவின் கதை ஒன்றுகூட இல்லை. அதற்காக முடங்கிவிடவில்லை. தன் பாட்டியிடம் கேட்ட கதைகளைச் சொன்னார். ஒரு கரப்பான்பூச்சிப் பெண்ணும் ஓர் எலி மாப்பிள்ளையும் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. பொம்மை செய்து, பொம்மலாட்டமாகவும் காட்டினார். அந்தக் கதை 1932-இல் புத்தகமாக வந்தது. நூலகத்தில் வாயால் சொன்ன கதை, புத்தகமாகித் திரும்பி அதே நூலகத்தின் அலமாரிக்கு வந்தது. இன்று அவர் பெயரில் அமெரிக்காவில் குழந்தை இலக்கிய விருது தருகிறார்கள். அலமாரியில் நம் கதை இல்லையென்றால் நம் வாயில் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் அவர்.

1921-இல் அந்த நூலகத்தில் கறுப்பின ஓவியர்களின் படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். பெரிய கூடங்கள் கதவைத் திறக்காத காலம் அது. 1926-இல் அறிஞர் டுபோய்ஸ் ‘கிரிக்வா’ என்ற நாடகக் குழுவை அந்த நூலகத்தின் அடித்தளத்தில் நடத்தினார். அடித்தளம் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் நிலவறை. பழைய சாமான் போடும் இடம். அங்கே சின்ன மேடை போட்டார்கள். நாடகம் நம்மைப் பற்றியதாக இருக்க வேண்டும், நம்மவர் எழுதியதாக இருக்க வேண்டும், நம் மக்கள் பார்ப்பதற்காக இருக்க வேண்டும், நம் தெருவிலேயே நடக்க வேண்டும் என்று நான்கு விதிகளை டுபோய்ஸ் வகுத்தார். கடைசி விதி நம் மனத்தில் ஒட்டிக்கொண்டது. சென்னையில் நடந்தால் போதாது, நம் தெருவில் நடக்க வேண்டும்.

1940-இல் அதே அடித்தளத்தில் இன்னொரு குழு, அமெரிக்க நீக்ரோ நாடகக் குழு என்ற பெயரில் தொடங்கியது. அவர்கள் 1944-இல் போட்ட ‘அன்னா லூகாஸ்டா’ நாடகம் நகரத்தின் பெரிய வணிக அரங்குகளுக்கே போனது. பிற்காலத்தில் உலகறிந்த நடிகர்களான சிட்னி பாய்ட்டியேயும் ஹாரி பெலஃபான்டேயும் அந்தக் குழுவில் பயின்றவர்கள். பாய்ட்டியே ஏழைத் தக்காளி விவசாயி வீட்டுப் பிள்ளை. சரளமாக வாசிக்கக்கூடத் தெரியாமல் நடிக்கக் கேட்டுப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர். பிறகு துப்புரவு வேலை செய்கிறேன், பதிலுக்கு நடிப்புச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டு உள்ளே நுழைந்தார். 1964-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதை வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பின ஆண் அவர்.

இவர்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொருவர் ஆர்துரோ ஷோம்பர்க். பூரா பெல்ப்ரே போலவே இவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர், 1874-இல் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது ஓர் ஆசிரியர், “உங்கள் ஆட்களுக்கு வரலாறு கிடையாது, பெரியவர்கள் என்று யாரும் கிடையாது” என்ற பொருளில் சொன்னாராம். அந்தச் சொல்தான் தன்னைத் தேடவைத்தது என்பார். வங்கியில் தபால் பிரிக்கும் பகுதியில் வேலை. கிடைத்த காசில் கறுப்பின மக்களின் புத்தகம், கையெழுத்துப் படி, படம் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1926-இல் அந்தச் சேகரிப்பை 10,000 டாலர் கொடுத்து வாங்கி, 135-ஆம் தெரு நூலகத்தில் வைத்தார்கள். 1932 முதல் 1938-இல் இறக்கும்வரை அவரே அதன் காப்பாளராக இருந்தார். இன்று அந்த இடமே ஷோம்பர்க் ஆய்வு மையம். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் சாம்பல் அந்த மையத்தின் தரைக்கடியில் வைக்கப்பட்டிருக்கிறது. 1934-இல் ஓவியர் ஆரன் டக்ளஸ் வரைந்த நான்கு பெரிய சுவரோவியங்கள் அந்த நூலகத்துக்காக வரைந்தவை. ஆப்பிரிக்காவின் பறையொலியும் ஆட்டமும் அதில் ஓர் ஓவியம். பறை நூலகச் சுவரில் ஏறியது அங்கே.

வரலாறு கிடையாது என்ற சொல் நமக்கும் புதிதல்ல. அதற்குப் பதில் சொல்லத்தான் அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அம்பேத்கரும் டுபோய்ஸும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். 1946-இல் அம்பேத்கர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையில் முறையிடப்போவதை அறிந்து, அந்த மனுவின் படிகளைக் கேட்டார். நீக்ரோ மக்களின் நிலையும் தீண்டப்படாதவர் நிலையும் ஒத்திருப்பதை அதில் குறிப்பிட்டார். டுபோய்ஸ் அதே ஆண்டு ஜூலையில் பதில் எழுதினார்.

எல்லா ஊரும் ஹார்லெம் போல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1939 ஆகஸ்டில் வர்ஜீனியா மாநிலம் அலெக்ஸாண்ட்ரியா நகர நூலகத்தில் ஐந்து கறுப்பின இளைஞர்கள் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். தரவில்லை. ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் அமர்ந்து படித்தார்கள். கைது செய்தார்கள். பிறகு நகராட்சி கறுப்பினத்தாருக்கென்று தனியாகச் சின்ன நூலகம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய வழக்கறிஞர் சாமுவேல் டக்கர், அந்தத் தனி நூலகத்தின் அட்டை எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். தனிக் குவளையில் தேநீர் வேண்டாம் என்று சொன்ன நம் ஊர்ப் பெரியவர்களை அறிந்தவர்களுக்கு டக்கரின் கோபம் புரியும். 1961 மார்ச் 27-இல் மிசிசிபி மாநிலம் ஜாக்சன் நகர நூலகத்தில் ஒன்பது கல்லூரி மாணவர்கள் அதேபோல் அமர்ந்து படித்ததற்காகச் சிறைக்குப் போனார்கள். புத்தகம் படித்ததுதான் குற்றம்.

பறையை அடிப்பதா, விடுவதா?

நூலகத்தில் பறை வேண்டும் என்று நாம் எழுதினால், நம் ஆட்களிடமிருந்தே ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். “பறையடிக்க மாட்டோம் என்று போராடித்தானே தலை நிமிர்ந்தோம், மறுபடி அதையே தூக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாவு வீட்டில் காலையிலிருந்து பிணம் எடுக்கும்வரை அடிக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், துண்டு இடுப்பில் இருக்க வேண்டும் என்ற காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். மாட்டோம் என்று சொன்னதற்காக ஊரே சேர்ந்து வேலை மறுத்ததை, கடையில் சாமான் மறுத்ததை அனுபவித்தவர்கள். அவர்கள் பறையைக் கீழே வைத்தது ஒரு போராட்டம். அதை எவரும் கொச்சைப்படுத்தக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாட்டைப் படிப்பாகவும் படித்து, மேடையிலும் ஏற்றினார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவருடைய குரல். தன் வாழ்க்கையை ‘வடு’ என்று 2005-இல் எழுதினார். 1990-களில் மதுரையில் இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலைவிழாக்களில் சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறை விடுதலை மேளமாக ஒலித்தது. இன்று கல்லூரிப் பெண்கள் இடுப்பில் பறையைக் கட்டி ஆடுவதற்கு அந்தத் தலைமுறை போட்ட அடிதான் காரணம். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. டெல்லியில் ஏற்றுக்கொண்ட பறைக்கு நம் கிளை நூலகத்தில் இடமில்லை என்றால் சிரிப்பார்கள்.

நம் கருத்து இது. கட்டாயத்தில் அடித்தால் அடிமை வேலை. மறுக்கும் உரிமையோடு அடித்தால் கலை. வித்தியாசம் தோலிலோ குச்சியிலோ இல்லை. அடிக்கிறவருக்கு “முடியாது” என்று சொல்லும் உரிமை இருக்கிறதா என்பதில் இருக்கிறது. பிணம் தூக்கவும் குழி தோண்டவும் ஒருவரைக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. கட்டாய வேலை எதுவும் குற்றமே. ஆகவே நூலக விழாவில் பறை வேண்டும் என்றால் அது எப்படி வர வேண்டும் என்பதிலும் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

வாசலில் நின்று சிறப்பு விருந்தினரை அழைத்துவர அடிப்பது நூலக நிகழ்ச்சி ஆகாது. ஊர்வலத்துக்கு முன்னால் அடித்துவிட்டு, கூட்டம் தொடங்கியதும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பதும் ஆகாது. இதைப் பல விழாக்களில் பார்த்தாயிற்று. மேடையில் நாற்காலி வேண்டும். நோட்டீஸில் பட்டிமன்ற நடுவருக்குப் போடும் அதே அளவு எழுத்தில் பெயர் வேண்டும். “குழுவினர்” என்று ஒரே சொல்லில் பத்துப் பேரை அடக்கக் கூடாது. சன்மானம் உறையில், மேடையில், மற்றவர்களுக்குத் தரும்போதே தர வேண்டும். பறையைத் தீயில் காய்ச்சிப் பதம் ஏற்றுவது எப்படி, அடிக்குச்சி எது, சிண்டுக்குச்சி எது, எந்தக் கையில் எது என்பதை அவர் மாணவர்களுக்கு விளக்க வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கையில் வாங்கி அடித்துப் பார்க்க வேண்டும். மேலத்தெருப் பிள்ளையின் கை அந்தத் தோலில் படும் நிமிடம் முக்கியமானது. அதற்கு அவன் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது வேறு கதை, ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது மறக்காது.

ஒரு நோட்டுப் புத்தகம்

நம் மாவட்டத்தின் ஒரு காலனியில் கோடை விடுமுறையில் பிள்ளைகளை வைத்து ஒரு சிறு முயற்சி நடந்தது. பக்கத்து ஊர்ப்புற நூலகத்தின் நூலகர் நல்ல மனிதர், கட்டடத்தைச் சாயங்காலம் திறந்துவைத்தார். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு பாட்டாவது, ஒரு கதையாவது, ஒரு விடுகதையாவது எழுதி வர வேண்டும் என்பது வேலை.

முதல் மூன்று நாள் எல்லாரும் சினிமாப் பாட்டைத்தான் எழுதி வந்தார்கள். நான்காம் நாள் ஒரு பெண்பிள்ளை தன் அப்பத்தாவையே கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள். அப்பத்தாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வாசலிலேயே நின்றுவிட்டார். “செருப்ப எங்கய்யா விடணும்?” என்றார். “போட்டுக்கிட்டே வாங்க அப்பத்தா” என்றால் கேட்கவில்லை, கழற்றிவிட்டுத்தான் வந்தார். நாற்காலியில் உட்காரவைக்க இன்னும் ஐந்து நிமிடம் ஆனது.

பிறகு பாடினார். களை எடுக்கும்போது பாடுவது, தொட்டிலுக்குப் பாடுவது, கடைசியில் தன் புருசன் செத்தபோது பாடிய ஒப்பாரி. பிள்ளைகளால் எழுத முடியவில்லை, அவர் போகும் வேகம் அப்படி. “அப்பத்தா, அந்த அடிய இன்னொருதரம் சொல்லுங்க” என்றால், “அது அப்ப வந்துச்சு கண்ணு, இப்ப வேற மாதிரிதான் வரும்” என்றார். பாட்டு அச்சில் உறைந்த ஒன்றல்ல, பாடும்போது உண்டாவது என்று நாட்டார் வழக்காற்றியல் புத்தகங்கள் பல பக்கத்தில் விளக்குவதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். போகும்போது அலமாரியைப் பார்த்து, “இதையெல்லாமா இதுக்குள்ள வைப்பாக?” என்று கேட்டார். வைப்போம் என்று நூலகர்தான் சொன்னார். அந்த நாற்பது பக்க நோட்டுகளைச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு, உள்ளூர்ச் சேகரிப்பு என்று எழுதி அதே அலமாரியில் வைத்தார். ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர் பெயர், எழுதியவர் பெயர், தேதி.

பெயர் எழுத வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னோம். காலனிக்கு வந்து பாட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு, சினிமாவுக்கு விற்றவர்களும் உண்டு. பாடியவர் பெயர் “தகவலாளி” என்று பின்னிணைப்பில் நிற்கும், சில சமயம் அதுவும் நிற்காது. கைப்பேசியில் பதிவு செய்தால் பாடியவரிடம் கேட்டுவிட்டுத்தான் பிறருக்கு அனுப்ப வேண்டும். ஒப்பாரியை அனுப்புவதில் இன்னும் கவனம் வேண்டும். அது ஒரு வீட்டின் துக்கம்.

சுவரும் ஒரு காரியம். ஆரன் டக்ளஸ் செய்ததை நம் பிள்ளைகளும் செய்யலாம். நூலகச் சுவரில் வள்ளுவர், பாரதி படம் வரைகிறார்கள், வரையட்டும். பக்கத்தில் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கர் வர வேண்டும். நாற்று நடும் பெண்ணும் வர வேண்டும். தலைவர் படம் என்றால் அரசியல் என்று தயங்கும் நூலகர் இருந்தால், இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை நடத்தியவர் என்பதைச் சொல்லுங்கள். பத்திரிகை ஆசிரியரின் படம் நூலகத்தில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்?

எங்கே போய்க் கேட்பது?

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் வாசகர் வட்டம் உண்டு. விழா நிகழ்ச்சிகளை முடிவு செய்வது அவர்கள்தான். காலனியிலிருந்து எத்தனை பேர் அதில் இருக்கிறோம் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவரும் இல்லை. உறுப்பினராகச் சேர்ந்து, கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டும். 1,000 ரூபாய் கட்டினால் புரவலர் என்று பலகையில் பெயர் எழுதுவார்கள். இளைஞர் மன்றமாகச் சேர்ந்து பணம் திரட்டி, உங்கள் ஊர்ப் பறையாசான் ஒருவரின் பெயரில் கட்டலாம். பெயர்ப் பலகையில் அந்தப் பெயர் நிற்கட்டும்.

நூலகர் தயங்கினால் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம். அதை விரைவுத் தபாலில் அனுப்புவது நல்லது. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலை மன்றம் ஆண்டுதோறும் வயதுவாரியாகக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி விருதுகள் தருகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை இளமணி. நூலகத்தில் பறை கற்கும் பிள்ளைக்கு அதற்கு விண்ணப்பிக்கும் தகுதி உண்டு. மூத்த கலைஞர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று மாணவர்கள்தான் வீடு வீடாகக் கேட்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

மதுரைக்குப் போகும் மாணவர்கள் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். 2023 ஜூலை 15-இல் திறந்தது. பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி, கூட்டம் நடத்த அரங்கம் எல்லாம் இருக்கிறது. பார்த்துவிட்டு உங்கள் ஊராட்சி நூலகத்தின் பூட்டையும் பாருங்கள். பூட்டிக் கிடந்தால் அதைத் திறக்கச் சொல்லும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. நூலகத்தைத் திறக்க வேண்டும், காலனிப் பிள்ளைகள் வர வசதியான நேரத்தில் திறக்க வேண்டும், நூலக வாரத்தில் ஊர்க் கலைஞர்களுக்கு மேடையும் சன்மானமும் தர வேண்டும் என்று மூன்று வரியில் தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். பேசுவதோடு விடாமல், தீர்மானப் பதிவேட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நவம்பர் 1 கூட்டத்துக்கும் நூலக வாரத்துக்கும் நடுவில் பதின்மூன்று நாள் இருக்கிறது. நோட்டீஸ் அடிக்க அது போதும்.